பதினைந்தாவது பெயர்

ஆண்டுக் கடைசி நெருங்கினால் எங்கள் வானொலிக் கூடத்துத் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. தீபாவளி வாழ்த்து பாதி என்றால் பட்டமளிப்பு வாழ்த்து மீதி. "தங்கச்சிக்கு இன்னைக்கு கான்வோ, ஒரு பாட்டுப் போடுங்க" என்று காலை ஆறு மணிக்கே அழைப்பார்கள். பின்னால் கார் ஓடும் சத்தம் கேட்கும். "அம்மா, ஊசி எங்கம்மா வச்சீங்க?" என்ற கூச்சலும் கேட்கும்.

அப்படி ஒரு காலையில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா அப்பாவுக்கு மண்டபத்துக்குள்ளேயே நாற்காலி இருக்கிறது, அவர்களை விடுங்கள். உங்களை மேடை வரைக்கும் கொண்டு வந்த ஆசிரியர் யார்? அவர் என்ன செய்தார்?"

கிள்ளானிலிருந்து ஒரு பொறியியலாளர் பேசினார். அவர் வீட்டில் கணினி இல்லாத காலம். ஆறாம் படிவ ஆசிரியை பி.எஸ்.என். வங்கியில் தம் காசில் யு.பி.யு. எண் வாங்கி, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாராம். ஜொகூரிலிருந்து பேசிய பெண்ணுக்கு ஒரு விரிவுரையாளர். இரண்டாம் ஆண்டில் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்தெந்தப் பாடத்தில் எவ்வளவு எடுத்தால் முதல் வகுப்பு கிடைக்கும் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு என்பதே அவர் சொல்லித்தான் தெரியுமாம். "வாத்தியார் ரோத்தான்ல வெளுத்தாரு, அதான் படிச்சேன்" என்று ஒரு பெரியவர் தொடங்கினார். அவருக்கு அவசரமாக ஒரு பாட்டுப் போட்டேன்.

அழைத்த எல்லாருமே ஒரு காரியத்தைத்தான் சொன்னார்கள். ஒருவர்கூட ஓர் உரையை நினைவுகூரவில்லை. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. தன்முனைப்பு முகாம்கள் பலவற்றுக்கு நான் அறிவிப்பாளராகப் போயிருக்கிறேன், கூலியும் வாங்கியிருக்கிறேன். விளக்கை அணைத்து, சோக இசை போட்டு, "அம்மா பட்ட கஷ்டத்தை நினைச்சுப் பாருங்க" என்றால் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழும். மறுநாள் அந்தப் பிள்ளைக்கு யு.பி.யு. விண்ணப்பத்தை யார் நிரப்பிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் தயாரிப்பாளர், "சரி, உங்க டீச்சர் யாரு?" என்றார்.

சுங்கை பட்டாணியில் நான் படித்த இடைநிலைப்பள்ளியில் இந்திய மாணவர்கள் குறைவு. தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்பு தானாக வந்துவிடாது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். 2003-இல் நான் முதலாம் படிவத்தில் சேர்ந்தபோது 14 பெயர்கள்தான் தேறின. தமிழ் எடுத்தால் 'ஏ' எண்ணிக்கை குறையும் என்று பல பெற்றோருக்குப் பயம். என் அப்பாவே முதலில் அதைத்தான் சொன்னார்.

டீச்சர் எங்களுக்குப் புவியியல் ஆசிரியை. தமிழ் வகுப்பு அவர் வேலையே இல்லை. ஆனாலும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பதினைந்தாவது பெயர் கடைசி வகுப்புப் பையன் ஒருவனுடையது. மலாய்ப் பள்ளியிலிருந்து வந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், 'அ' எழுதத் தெரியாது. சனிக்கிழமைகளில் கார் கழுவும் கடையில் வேலை. எங்கள் வகுப்பும் சனிக்கிழமைதான். மின்தூக்கி இல்லாத நான்காவது மாடி வீட்டுக்கு ஏறிப் போய், பதினோரு மணிக்கெல்லாம் அனுப்பி விடுகிறேன் என்று அவன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார் டீச்சர். அந்த வாக்கு ஒரு நாளும் தவறவில்லை. புணர்ச்சி விதி பாதியில் நின்றாலும் சரி, பதினொன்று ஆனால், "நீ கிளம்புப்பா" என்பார். அவன் பசியாற ஒரு நாசி லெமாக் பொட்டலம் மேசையில் இருக்கும். எங்களுக்கெல்லாம் அதில் கொஞ்சம் பொறாமை.

அவனுக்கு வாசிக்க வராது என்பதால் பாடத்தை என்னை உரக்கப் படிக்கச் சொல்வார். நான் படிக்கப் படிக்க, பக்கத்தில் அவன் வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வருவான். "உன் 'ழ' இன்னும் தூங்குதும்மா, எழுப்பு" என்று எனக்கு ஒரு திருத்தம். "விரலை எடுத்துட்டுப் பாரு" என்று அவனுக்கு ஒன்று. மூன்றாம் படிவத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு பத்தி முழுக்க அவனே வாசித்தான். எனக்கு வாய்த்த முதல் நேயர் அவன்தான்.

அந்த வகுப்பில் தொடங்கி எஸ்.பி.எம். தமிழ், எஸ்.டி.பி.எம். தமிழ், பினாங்கு யு.எஸ்.எம்.மில் தொடர்புத்துறை, பிறகு இந்த ஒலிவாங்கி. 2013-இல் துவாங்கு சைட் புத்ரா மண்டபத்தில் பட்டம் வாங்கினேன். என் கையில் இருந்தது இரண்டு அழைப்பு அட்டை. அம்மா, அப்பா. முதல் நாள் டீச்சர் அழைத்து, "அங்கி போட்ட படம் ஒண்ணு அனுப்பும்மா, போதும்" என்றார். சரி டீச்சர் என்றேன். பூங்கொத்து, விருந்து, உறவினர், வேலை தேடுதல் என்று நாள் ஓடியது. அனுப்பவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள்.

தயாரிப்பாளர் கேட்ட அடுத்த வாரம் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு சுங்கை பட்டாணிக்குப் போனேன். டீச்சர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "அப்போ நல்லா ஒல்லியா இருந்திருக்க" என்றார். தேநீர் வந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"அவன் எங்கம்மா இருக்கான்?"

"யாரு டீச்சர்?"

"பதினைஞ்சாவது ஆளு."

எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் படிவத்தோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

"நீங்கல்லாம் எப்படியும் படிச்சிருப்பீங்க. அவன அந்த ஒரு பேருக்காகத்தான் மாடி ஏறிப் போயி கூட்டியாந்தேன். அவன் நின்னப்போ நம்ம வகுப்புல பத்தொன்பது பேரு. ஒரு பேரு கொறஞ்சாலும் வகுப்பு நிக்கும். அதனாலயோ என்னவோ, ரெண்டு வாரம் நான் விசாரிக்கல. அப்புறம் போனா, வீடு மாத்திட்டாங்க."

டீச்சர் குரலில் அழுகை எல்லாம் இல்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். அந்த இரண்டு வாரம் நானும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாசி லெமாக் பொட்டலம் மேசையில் இல்லாததைக் கவனித்தேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு பழைய தோழர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பட்டர்வொர்த் பக்கம் லாரி ஓட்டுவதாக ஒருவர் சொன்னார். எப்போதோ ஜொகூர் போய்விட்டதாக இன்னொருவர். வானொலியில் பெயர் சொல்லிக் கேட்கட்டுமா என்றேன். டீச்சர் சம்மதிக்கவில்லை. "அவனுக்குச் சங்கடமா இருக்கும்மா" என்றார்.

அதனால் பெயர் போடாமல் இங்கே எழுதுகிறேன். சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவனே, இதை நீ வாசிக்க நேர்ந்தால், உனக்கு வாசிக்கத் தெரியும், நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன், டீச்சர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். தொலைபேசி எண்ணும் மாறவில்லை.