டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே

கடலூர் பழைய துறைமுகத்திலிருந்து மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் சிறு சுமை வண்டிகளையும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நோக்கி விரையும் மாணவர்களின் மோட்டார் சைக்கிள்களையும் சற்று நின்று கவனிப்பவர்கள், அவற்றுள் சிலவற்றில் வண்டியோடு வந்த டயர் கழற்றப்பட்டு, அதனினும் பருத்ததொரு டயர் மட்கார்டின் உட்புறத்தை ஏறக்குறையத் தொட்டபடி சுழல்வதைக் காணலாம். ஒருவர் பாரம் தாங்கும் என்று நம்பி இதைச் செய்கிறார். மற்றவர் அழகைக் கருதிச் செய்கிறார். வண்டியை வடிவமைத்தவர் டயரைச் சுற்றிலும் யோசித்து விட்டுவைத்த இடைவெளியை இருவருமே இழந்துவிடுகிறார்கள். பிரேக்குக்கும் முகவிளக்குக்கும் உள்ள அந்தஸ்து அந்த இடைவெளிக்கும் உண்டென்பதை நம் ஊர்களில் போதிய அளவு எடுத்துச் சொல்வாரில்லை.

டயரின் பக்கச்சுவரில் 100/90-17 என்று பொறித்திருந்தால், அகலம் 100 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் 90 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம் என்பது பொருள். அதே வண்டியில் 120/80-17 டயரைப் பூட்டினால், 90 மில்லிமீட்டராயிருந்த பக்கச்சுவர் 96 ஆகிறது. ஆகவே மேற்புறத்தில் 6 மில்லிமீட்டரும், இடமும் வலமும் பத்துப் பத்து மில்லிமீட்டரும் இடைவெளி குறைகிறது. ஒரு பக்கத்தில் செயின் ஓடும் வண்டிக்கு இந்தப் பத்து மில்லிமீட்டர் அற்பமானதன்று.

நிறுத்திவைத்த வண்டியில் டயர் எதையும் தொடவில்லை என்று காட்டிக் கடைக்காரர் சமாதானம் சொல்வதுண்டு. ஆனால் புது டயர் ஓட ஓடச் சற்று விரிகிறது. வேகத்தில் மேலும் விரிகிறது. இருவர் அமர்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் அப்சார்பர் அமுங்கிச் சக்கரம் மட்கார்டை நோக்கி ஏறுகிறது. கார்களில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது முன்சக்கரம் பிரேக் குழாயை உரசி நாளடைவில் அதைத் தேய்த்துவிடக்கூடும். வீராணம் ஏரிப் பாசனத்தைச் சேர்ந்த கிராமங்களிலோ, மழைக்காலத்துக் களிமண் மட்கார்டுக்குள் அப்பி, போதிய இடைவெளியில்லாத சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. பாகங்களாக வாங்கிச் சொந்தக்காரரே பூட்டிக் கட்டும் சிறு விமானங்களிலும் இதே தொல்லை உண்டு. சேறான புல்தரையில் இறங்குபவர்கள், சக்கரங்களை மூடும் காற்றுக்கவசங்களையே கழற்றி வைத்துவிடுகிறார்கள். டயரில் நேர்ந்த அலட்சியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1991 ஜூலை 11-ல் ஜெட்டாவில் நடந்தது ஒரு சாட்சி: காற்றுக் குறைந்த டயர்களோடு ஓடத் தொடங்கிய டி.சி.-8 விமானத்தில் டயர்கள் சிதைந்து தீப்பற்ற, அது தெரியாமல் சக்கரங்கள் விமானத்தின் வயிற்றுக்குள் மடக்கப்பட, யாத்திரிகர்களும் சிப்பந்திகளுமாக 261 பேர் மாண்டனர்.

உரசல் இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று போதும். டயரின் இரு ஓரங்களிலும் சாக்பீஸைக் கனமாகப் பூசி, வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஆளரவமற்ற இடத்தில் மெதுவாக ஒரு சுற்றுப் போய்வந்து பார்த்தால், தரையில் படாத பாகத்தில் சாக்பீஸ் அழிந்திருக்கும் இடமே உரசும் இடம். அளவு சரியான டயரும் உரசுமாயின் காரணத்தைத் தேட வேண்டும்: செயினை இறுக்கியபோது இருபக்க அட்ஜஸ்டர் குறிகளும் சமமாக வைக்கப்படாமல் சக்கரம் கோணியிருக்கலாம், ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், காற்று குறைந்திருக்கலாம். இவற்றைச் சீர்செய்யாமல் மட்கார்டை அறுப்பதும், வாஷர் சொருகிச் சக்கரத்தைத் தள்ளிவைப்பதும் பரிகாரமாகா. டயரே பெரிதென்றால், கையேடு சொல்லும் அளவுக்குத் திரும்புவதே ஒரே வழி. செலவைக் கருதி இதில் சமரசம் செய்துகொள்ளக் கூடாதென்பது என் திடமான அபிப்பிராயம்.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாயில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்து வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தால் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சுமை வண்டிகளின் பதிவு விவரங்களில் டயர் அளவும் சேர்வதால், அவற்றை வைத்திருப்போர் விசேஷ ஜாக்கிரதையோடிருப்பது அவசியம். விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் ஆட்சேபம் எழுப்பவும் இத்தகைய மாற்றம் இடம் கொடுக்கும்.

“இது உங்கள் வண்டிக்குப் பொருந்தும்” என்று சொல்லித் தவறான அளவைப் பூட்டிக் கொடுத்த கடைக்காரரிடம் நியாயம் கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. அதற்கு முதல் ஆதாரம் ரசீது. டயரின் பெயர், அளவு, வண்டி எண் ஆகியவை அதில் எழுதப்பட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், தயாரித்த காலத்தைக் காட்டும் நான்கு இலக்கங்களையும் அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். குறை தெரிந்ததும் உரசிய தடங்களைப் படமெடுத்து, டயரைக் கடையில் விட்டுவிடாமல் பத்திரப்படுத்தி, மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும். பதில் வராவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதுவும் பயன்படாதபோது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை, வக்கீல் வைத்தாக வேண்டிய நிர்ப்பந்தமுமில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்தைக் கொண்டே வழக்குத் தொடுக்க இச்சட்டம் அனுமதிப்பதால், சிதம்பரத்தில் வசிக்கும் ஒருவர் தாம் சென்னையில் வாங்கிய டயருக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.