கான்செர்ட் டிக்கெட் 2,500 ரூபாய்... வீடு திரும்ப எவ்வளவு?



சம்பளம் வந்த கையோட ஒரு கான்செர்ட் டிக்கெட் போடுறது இப்போ நம்ம பட்ஜெட்ல வழக்கமான செலவாகிடுச்சு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. மாசம் முழுக்க உழைக்கிறோம், பிடிச்ச பாட்டை நேர்ல கேட்க ஆசைப்படுறோம். ஆனா புக்கிங் ஆப்ல தெரியுற விலை முழு விலை கிடையாது. மீதி விலையை நீங்க ராத்திரி 10:15 மணிக்கு, மைதான வாசல்ல, போன்ல 12 சதவீதம் சார்ஜோட நின்னுக்கிட்டு கட்டுறீங்க. வீடியோவுல அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டுப் போன விஷயத்தை இங்க கணக்கோட எழுதுறேன்.

முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். கச்சேரிக்கு வர்ற கூட்டம் மூணு மணி நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா வரும். சிலர் 4 மணிக்கே வந்து முன்வரிசை பிடிப்பாங்க, சிலர் ஆபீஸ் முடிச்சு 7 மணிக்கு வருவாங்க. ஆனா கிளம்பும்போது? கடைசிப் பாட்டு முடிஞ்ச அடுத்த நிமிஷமே எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்திருப்பாங்க. அதனால போற வழி சுலபமா இருந்துச்சேன்னு வர்ற வழியையும் அப்படியே நினைச்சுடக் கூடாது. 2024 அக்டோபர் 6-ம் தேதி மெரினாவுல நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சியை நினைச்சுப் பாருங்க. காலையில இருந்து சேர்ந்த கூட்டம் மதியம் ஒரே நேரத்துல கிளம்புச்சு. ரயில் நிலையங்கள், சாலைகள் எல்லாம் திணறிடுச்சு. அன்னைக்கு 5 பேர் உயிரே போச்சு. இது வெறும் பணப் பிரச்சினை மட்டும் இல்லங்கிறதுக்காகச் சொல்றேன்.

கார் எடுத்துட்டுப் போலாமா?

ஒரு சின்ன மனக்கணக்கு. பார்க்கிங்ல 2,000 கார் நிக்குது, வெளியேற ஒரே வாசல்னு வெச்சுக்கோங்க. ஒரு காருக்கு 5 செகண்ட் போதும்னு ரொம்பத் தாராளமா எடுத்தாக்கூட நிமிஷத்துக்கு 12 கார்தான் வெளியே வரும். கடைசி கார் வெளியே வர கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிஷம் ஆகும். ரெண்டு வாசல் இருந்தா பாதி. ஆனா வாசலுக்கு வெளியே இருக்கிற ரோடு ஏற்கெனவே நெரிசலா இருந்தா எத்தனை வாசல் வெச்சும் பிரயோஜனம் இல்ல. மேடைக்குப் பக்கத்துல பார்க்கிங் கிடைச்சுடுச்சுன்னு சந்தோஷப்படுறவங்கதான் பெரும்பாலும் கடைசியா வீட்டுக்குப் போறவங்க.

அதனால பார்க்கிங் விஷயத்துல என் கருத்து நேரடியானது. நாலு பேர் சேர்ந்து போனா கார் எடுங்க, ஆனா மைதானத்துக்குப் பக்கத்துல நிறுத்தாதீங்க. ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, நீங்க திரும்பப் போற திசையில, காசு வாங்கிட்டுச் சீட்டு கொடுக்கிற இடத்துல நிறுத்திட்டு நடங்க. ரெண்டு பேர்னா கார் வேண்டவே வேண்டாம். நோ பார்க்கிங்ல ஓரமா விட்டுட்டுப் போலாம்னு தோணும். தமிழ்நாட்டுல அதுக்கு முதல் தடவை அபராதம் 500 ரூபாய். அதே தப்பைத் திரும்பப் பண்ணினா 1,500 ரூபாய். வண்டியை இழுத்துட்டுப் போனா அந்தச் செலவு தனி, நடுராத்திரி வண்டியைத் தேடி அலையுறது இலவச இணைப்பு.

வேலட் பார்க்கிங் பத்தியும் ஒரு வார்த்தை. சீட்டுல 'உரிமையாளர் பொறுப்பில்'னு அச்சடிச்சு இருந்தா நமக்கு உரிமையே இல்லைன்னு பலர் நினைக்கிறாங்க. ஒரு ஹோட்டல்ல வேலட்கிட்ட கொடுத்த கார் திருடுபோன வழக்குல, சாவியை வாங்கிக்கிட்ட பிறகு அந்த வரியைக் காட்டி ஹோட்டல் தப்பிக்க முடியாதுன்னு 2019-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. சாவியைக் கொடுத்தோமா, நம்மளே நிறுத்திட்டு சாவியைக் கையில வெச்சிருக்கோமாங்கிறதுதான் இதுல முக்கியம். எதுவா இருந்தாலும் அந்தச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

நந்தனம் கணக்கு

இப்போ நம்ம ஊர்ல அடிக்கடி கச்சேரி நடக்கிற நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தை எடுத்துக்கலாம். எட் ஷீரன் 2025 பிப்ரவரியில பாடினது இங்கதான். தாம்பரத்துல இருந்து ஒருத்தர் வர்றார், ஒரு வழி சுமார் 20 கிலோமீட்டர்னு வெச்சுப்போம். இதெல்லாம் தோராயக் கணக்குதான், உங்க ஏரியாவுக்கு மாத்திப் போட்டுக்கோங்க.

கேப்ல போக 475 ரூபாய். திரும்பும்போது ரெண்டு மடங்கு காட்டினா 950. மொத்தம் 1,425. கார்னா பெட்ரோலும் பார்க்கிங்கும் சேர்த்து 450-ல இருந்து 500 வரைக்கும். நாலு பேருக்குப் பிரிச்சா தலைக்கு 125. புறநகர் ரயில்ல கிண்டி, அங்கிருந்து மெட்ரோவுல நந்தனம்னா போக வர 100 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். 2,500 ரூபாய் டிக்கெட்டுக்கு மேல 1,425 ரூபாய்ங்கிறது 57 சதவீதம் கூடுதல். உங்க மியூச்சுவல் ஃபண்டுல எக்ஸ்பென்ஸ் ரேஷியோ அரை சதவீதம் கூடினா கோபப்படுறோம், இதைக் கண்டுக்கவே மாட்டேங்கிறோம்!

'ரெண்டு மடங்கு' ஏன்னு கேட்பீங்க. 2025 ஜூலையில மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்ல, நெரிசல் நேரத்துல அடிப்படைக் கட்டணத்துல ரெண்டு மடங்கு வரைக்கும் கேப் நிறுவனங்கள் வாங்கலாம்னு இருக்கு. முன்னாடி அந்த உச்சவரம்பு ஒன்றரை மடங்கு. மாநிலங்கள் ஏத்துக்கிட்டாதான் அது அங்க அமலாகும்கிறது வேற விஷயம். ஆட்டோவுக்கு 2013-ல தமிழக அரசு வெச்ச கட்டணப்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11-ல இருந்து காலை 5 வரைக்கும் 50 சதவீதம் கூடுதல். அதன்படி 8 கிலோமீட்டருக்கு ராத்திரியில சுமார் 149 ரூபாய். கச்சேரி வாசல்ல நின்னு இந்தக் கணக்கை ஒரு ஆட்டோக்காரர்கிட்ட சொல்லிப் பாருங்க, சிரிச்சுட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

மெட்ரோ எப்படிக் கை கொடுக்கும்னா, அதுக்கு ஒரு சட்டக் காரணம் இருக்கு. ஒலி மாசு விதிகள், 2000-ன்படி திறந்த வெளியில இரவு 10-ல இருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள் மட்டும் நள்ளிரவு வரைக்கும் விலக்கு தரலாம். அதனால மைதானக் கச்சேரி பெரும்பாலும் 10 மணிக்கு முடியும். சென்னை மெட்ரோவோட வழக்கமான கடைசி ரயில்கள் 11 மணிக்கு. கையில ஒரு மணி நேரம் இருக்கு, அவசரப்படத் தேவையில்ல. சேப்பாக்கத்துல ஐ.பி.எல். நடந்தப்போ மேட்ச் டிக்கெட்டையே காட்டி மெட்ரோவுல இலவசமா போய் வர ஏற்பாடு இருந்துச்சு, ரயில் நேரத்தையும் நீட்டிச்சாங்க. சில கச்சேரிகளுக்கும் இப்படிச் சலுகை வந்திருக்கு. டிக்கெட் வந்ததும் மெயிலை முழுசாப் படிங்க, ஏற்கெனவே காசு கொடுத்த சலுகையை விட்டுடாதீங்க.

இங்க ஒரு சின்ன தந்திரம். கச்சேரி முடிஞ்சதும் எல்லாரும் நந்தனம் ஸ்டேஷனுக்குத்தான் ஓடுவாங்க. நீங்க கிண்டி, விமான நிலையம் பக்கம் போறவரா? அப்போ எதிர்த்திசையில தேனாம்பேட்டை ஸ்டேஷனுக்கு நடங்க. அந்த ரயில் தேனாம்பேட்டையைத் தாண்டித்தான் நந்தனம் வரும், அதனால கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடி நீங்க உள்ளே இருப்பீங்க. சென்ட்ரல் பக்கம் போறவங்க இதே மாதிரி சைதாப்பேட்டைக்குப் போய் ஏறலாம். கால் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். தாம்பரம் பக்கம் போறவங்களுக்கு இன்னொண்ணு: ஞாயிற்றுக்கிழமைகள்ல பராமரிப்புப் பணிக்காகப் புறநகர் ரயில்களைக் குறைக்கிறது உண்டு. அன்னைக்குக் காலையிலயே அறிவிப்பைப் பார்த்துடுங்க.

ரயில் இல்லாத இடம்னா கதை வேற

2023 செப்டம்பர் 10-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஈ.சி.ஆர். பனையூர்ல ஏ.ஆர்.ரஹ்மானோட 'மறக்குமா நெஞ்சம்'. ஆகஸ்ட்ல நடக்க வேண்டியது மழையால தள்ளிப்போய் அன்னைக்கு நடந்துச்சு. டிக்கெட் கையில இருந்தும் உள்ளே போக முடியாம ஏராளமானவங்க திரும்பினாங்க. முதலமைச்சரோட வாகனமே நெரிசல்ல சிக்குச்சு. ஏற்பாட்டுல இருந்த குறைகளைப் பத்தி அப்பவே நிறைய பேசியாச்சு, நான் சொல்ல வர்றது ரோட்டைப் பத்தி.

வரைபடத்தைத் திறந்து பாருங்க. ஈ.சி.ஆரும் ஓ.எம்.ஆரும் பக்கத்துப் பக்கத்துல ஓடுற மாதிரி தெரியும், ஆனா நடுவுல பக்கிங்ஹாம் கால்வாய். அக்கரையில சோழிங்கநல்லூர் போற இணைப்புச் சாலையை விட்டா, அப்புறம் கோவளம் வந்துதான் கேளம்பாக்கம் பக்கம் திரும்ப முடியும். பனையூர் இருக்கிறது அக்கரையைத் தாண்டி. அங்க ரோடு அடைச்சா வேற வழியே கிடையாது, கூகுள் மேப்பும் கையை விரிச்சுடும்.

இந்த மாதிரி இடத்துக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே திரும்புற வண்டியை முடிவு பண்ணுங்க. ஆபீஸ் நண்பர்கள் 12 பேர் சேர்ந்தா ஒரு வேன் வாடகைக்கு எடுத்துடலாம். டிரைவர்கிட்ட வேனை மைதானத்துல விடச் சொல்லாதீங்க, வீடு திரும்புற பக்கம் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓர் இடம் பேசி வெச்சு அங்க நிக்கச் சொல்லுங்க. தனியா போற பெண்களுக்கு நான் சொல்றது: பக்கத்துல தோழி வீடு இருந்தா தங்கிடுங்க, இல்லைன்னா குழுவோட போங்க. இதுல 300 ரூபாய் மிச்சம் பிடிக்கிற கணக்கே வேண்டாம்.

இதைச் சரியா பண்ணவே முடியாதான்னா, முடியும். 2025 ஜனவரி 25, 26 தேதிகள்ல அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்துல கோல்ட்ப்ளே பாடினப்போ ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல கூட்டம். பார்க்கிங்கை ஆப்ல முன்பதிவு பண்ண வெச்சாங்க, மெட்ரோ நள்ளிரவு தாண்டி ஓடுச்சு. மைதானம் பக்கத்துலயே மெட்ரோ ஸ்டேஷன் இருந்தது பாதி வேலையை முடிச்சுடுச்சு.

அப்புறம், கூட்டத்துல நெட்வொர்க் படுத்துடும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே டவரை நம்பி ரீல்ஸ் ஏத்திட்டு இருக்கும்போது உங்க யு.பி.ஐ. சுத்திக்கிட்டே இருக்கும், கேப் ஆப் திறக்காது. பர்ஸ்ல 500 ரூபாய் சில்லறையா வெச்சுக்கோங்க. சிங்கார சென்னை கார்டுல 200 ரூபாய் போட்டு வெச்சா மெட்ரோவுலயும் எம்.டி.சி. பஸ்லயும் தட்டிட்டுப் போயிடலாம், உங்க போன்ல நெட் தேவையில்ல.

உள்ளேயே போக முடியலைன்னா?

பனையூர் சம்பவத்துக்கு அப்புறம், உள்ளே வர முடியாதவங்க டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி ரஹ்மான் தரப்பே கேட்டாங்க. அப்போ கையில எதுவும் வெச்சிருக்காதவங்க என்ன பண்ண முடியும்? டிக்கெட், பணம் கட்டின ரசீது, கேப் பில், வாசல் மூடியிருந்தா நேரத்தோட ஒரு போட்டோ, எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போடுங்க. முதல்ல ஏற்பாட்டாளருக்கு மெயில். பதில் இல்லைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்பவும் நடக்கலைன்னா நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணம் கிடையாது.

கடைசியா இன்னொண்ணு. 2025-ல அனிருத்தோட 'ஹுக்கும்' கச்சேரி முதல்ல திருவிடந்தைன்னு சொன்னாங்க, அப்புறம் தேதியும் மாறி, இடமும் கல்பாக்கத்தையும் தாண்டி கூவத்தூருக்குப் போச்சு. இடம் மாறினா உங்க செலவும் மாறுது. மாத்தி அறிவிச்ச அன்னைக்கே பயணக் கணக்கை மறுபடி போடுங்க. கட்டுப்படியாகலைன்னா ரிஃபண்ட் கேட்க எந்தத் தேதி வரைக்கும் நேரம் கொடுத்திருக்காங்கன்னு பார்த்து, அதுக்குள்ள கேட்டுடுங்க.