காரைக்குடி டூ சிங்கப்பூர்: டிக்கெட்டில் 4 மணி நேரம்... வாசல் டூ வாசல் எவ்வளவு?

"அப்பாவுக்கு உடம்பு முடியல, உடனே கிளம்பி வா." காரைக்குடியிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் மனதில் ஓடும் முதல் கேள்வி: எத்தனை மணி நேரத்தில் வீடு போய்ச் சேரலாம்? இணையத்தில் தேடினால் 'சுமார் 4 மணி நேரம்' என்று வரும். அது விமானத்தின் கணக்கு. பயணியின் கணக்கு வேறு.

தூரம் எவ்வளவு?

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளம் உண்டு. பயணிகள் விமான நிலையம் இல்லை. அதனால் திருச்சிதான் வாசல். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாக சுமார் 90 கி.மீ., காரில் 2 மணி நேரம். திருச்சி - சிங்கப்பூர் வான்வழி தூரம் கிட்டத்தட்ட 3,000 கி.மீ. விமானம் மணிக்கு 830 - 850 கி.மீ. வேகத்தில் பறந்தாலும், ஏறுவது, இறங்குவது, ஓடுபாதையில் ஊர்வது எல்லாம் சேர்த்து 4 முதல் 4¼ மணி நேரம் ஆகும்.

கடிகாரம் ஏன் குழப்புகிறது?

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட 2½ மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கிருந்து போனால், 4 மணி நேரப் பயணம் டிக்கெட்டில் ஆறரை மணி நேரம்போலத் தெரியும். அங்கிருந்து வந்தால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டதுபோல இருக்கும்.

காற்றுக்கும் பங்கு உண்டா?

உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். ஊருக்கு வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும். போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று. வித்தியாசம் சில நிமிடங்கள்தான்.

வாசல் டூ வாசல்

* வீட்டிலிருந்து சாங்கி: முக்கால் மணி நேரம்
* செக்-இன், குடிநுழைவு, காத்திருப்பு: 3 மணி நேரம்
* விமானம்: 4¼ மணி நேரம்
* திருச்சியில் குடிநுழைவு, பெட்டி: 1 மணி நேரம்
* காரில் காரைக்குடி: 2 மணி நேரம்

ஆக மொத்தம் 11 மணி நேரம். சிங்கப்பூரில் பிற்பகல் 3 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால், காரைக்குடி வாசலில் இரவு 11.30.

சென்னை வழியா வரலாமா?

அவசரத்தில் பலரும் முதலில் கிடைக்கும் சென்னை விமானத்தைப் பிடித்துவிடுகிறார்கள். சென்னை - காரைக்குடி 400 கி.மீ.க்கு மேல், சாலையிலோ, பல்லவன் எக்ஸ்பிரஸிலோ சுமார் 7 மணி நேரம். திருச்சியிலிருந்து 2 மணி நேரம்தான். அதாவது, சென்னை விமானம் 5 மணி நேரம் முன்னால் இறங்கினால்தான் கணக்கு சமமாகும். அதற்குக் குறைவென்றால் திருச்சி விமானத்துக்குக் காத்திருப்பதே நல்லது. கைப்பை மட்டும் எடுத்துவந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சம்.

அன்று ஒரு வாரம்

1859-ல் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயில் எழுப்பிய நகரத்தார் கப்பலில்தான் போனார்கள். பிற்காலத்தில் 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர சுமார் ஒரு வாரம் ஆனது. ஊரிலிருந்து தந்தி வந்தாலும், கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வழி இருக்காது. இன்று அதே தூரத்துக்கு 11 மணி நேரம். அதில் விமானத்தின் பங்கு பாதிகூட இல்லை. திட்டமிட்டால் குறைக்க முடிவது மீதியைத்தான்.