கதவுப் பலகை

1984-ல் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைக் கீலோடு கழற்றினோம். செங்கல் அடுக்கி, அதன்மேல் கதவைக் கிடத்தி, ஒரு ஜமக்காளம் விரித்து அப்பாவைப் படுக்க வைத்தோம். அப்பா பஸ் டிரைவர். இடுப்பு பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே முடியாமல் போன நாள் அது. "ஜவ்வு விலகியிருக்கு. ஆறு வாரம் அசையக் கூடாது, மெத்தை ஆகவே ஆகாது" என்றார் டாக்டர். இடையில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இடுப்பில் பட்டை கட்டி, கயிற்றில் எடையைத் தொங்கவிட்டு இழுத்தும் பார்த்தார்கள். ஆறு வாரம் கழித்து எழுந்தவருக்கு வலி கொஞ்சம் குறைந்திருந்தது. கால்தான் நிற்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அந்த டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு உலகமே அப்படித்தான் படுக்க வைத்துக்கொண்டிருந்தது. 1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள், முள்ளெலும்புகளுக்கு நடுவிலிருக்கும் ஜவ்வு, அதாவது டிஸ்க், பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதையும், அதை வெட்டி எடுத்தால் கால்வலி தீர்வதையும் எழுதினார்கள். அவர்கள் கண்டது உண்மை. காலுக்கு இறங்கும் நரம்பு வலியில் சிலருக்கு அந்த அறுவை இன்றும் கைகொடுக்கிறது. வினை என்னவென்றால், அதற்குப் பிறகு எல்லா முதுகுவலியையும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்த்தார்கள். எங்கோ ஒரு பாகம் கெட்டிருக்கிறது. ஆட்டாதே, முடிந்தால் சரி செய், இல்லையென்றால் வெட்டு.

பலகையை ஆட்டிவைத்த ஆய்வுகளில் ஒன்று 1986-ல் அமெரிக்காவில் நடந்தது. இரண்டு நாள் படுத்தவர்களும் ஏழு நாள் படுத்தவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். இரண்டு நாள்காரர்கள் சீக்கிரம் வேலைக்குப் போனார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1995-ல் ஹெல்சிங்கியில் ஒருபடி மேலே போய், முடிந்தவரை அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே வேகமாகக் குணமடைவதைக் காட்டினார்கள். கட்டாந்தரை வைத்தியத்துக்கும் ஆதரவு கிடைக்கவில்லை. 2003-ல் ஸ்பெயினில் 313 பேரைக் கொண்டு சோதித்ததில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தர மெத்தையே நாள்பட்ட வலிக்காரர்களுக்கு ஒத்துவந்தது. எங்கள் கதவு அநியாயமாகக் கழன்றது.

இன்று யாரும் கதவைக் கழற்றுவதில்லை. அந்த இடத்தில் எம்ஆர்ஐ படம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு ஐம்பது வயதில் வலி வந்தபோது முதல் வாரமே படம் எடுத்தாயிற்று. கீழ் முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே பிதுக்கம், தேய்மானம் என்று அறிக்கை வந்தது. 'தேய்மானம்' என்ற சொல்லைப் படித்த அன்று இரவு வலி இரண்டு மடங்கானது. டிரைவர் வீட்டுப் பிள்ளைக்குத் தேய்மானம் என்றால் டயர்தான் நினைவுக்கு வரும்: ஓட ஓடத் தேயும், ஒருநாள் வெடிக்கும். குனிவதை விட்டேன். தண்ணீர்க் குடம் தூக்குவதை விட்டேன். இடுப்பு பெல்ட் போடாமல் வாசலுக்குக்கூடப் போகவில்லை.

யாராவது அன்றே 1994-ல் வந்த ஆய்வைச் சொல்லியிருக்கலாம். முதுகுவலியே இல்லாத 98 பேருக்குப் படம் எடுத்தபோது, எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். இன்னொரு கணக்கில், வலியில்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க்கில் இந்தத் 'தேய்மானம்' தெரியும். எண்பது வயதில் 96 சதவீதம். ரப்பரைப் போல டிஸ்க் உயிரற்ற பொருள் அல்ல, அசைவும் பாரமும் அதற்கு வேண்டும்.

பத்தில் ஒன்பது முதுகுவலிக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடிவதில்லை. மூன்று மாதத்தைத் தாண்டினால் வலியின் கணக்கே மாறிவிடுகிறது. தசை, எலும்பின் பங்கு குறைந்து, நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடலாம். சின்ன அசைவுக்கும் பெரிய மணி அடிக்கும். தூக்கமின்மை, வேலை போய்விடுமோ என்ற கவலை, குனிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் எல்லாம் அதை ஏற்றிவிடும். கற்பனை வலி என்று சொல்லவில்லை. வலி நிஜம், படத்தில் அகப்படாது, அவ்வளவுதான். மாத்திரைக்கும் எல்லை உண்டு. திடீரென்று வந்த இடுப்புவலியில் பாராசிட்டமால் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மேலில்லை என்று 2014-லும், ஓபியாய்டு மருந்துகளும் அப்படியே என்று 2023-லும் ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின.

ஆனால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு போனால், தொடையிடுக்கு மரத்தால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. அங்கே படமும் வேண்டும், கத்தியும் வேண்டியிருக்கலாம்.

எனக்கு வழி காட்டியது பிசியோதெரபி படித்த ஒரு சின்னப் பெண். அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, "எதைச் செய்ய பயப்படுறீங்க சார்?" என்று கேட்டாள். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி குனியச் சொன்னாள். அடுத்த வாரம் ஒரு காலிக் குடம். அப்புறம் கால் குடம் தண்ணீர். அரை மணி நேரம் பேசினாள். அந்தப் பேச்சுக்கு எந்த பில்லிலும் தொகை போட்டதில்லை, ஸ்கேனுக்குத்தான் போடுகிறார்கள். வலி முழுக்கப் போய்விட்டது என்றால் பொய். உடற்பயிற்சியின் பலனும் மிதமானதுதான். ஆனால் பெல்ட் பரணில் ஏறிவிட்டது.

அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. சாயங்காலம் நடக்கக் கிளம்பினால், "இடுப்பு வலிக்குதுன்னியேடா, செத்த நேரம் தரையில படு" என்கிறார். கொல்லைக் கதவைத் திரும்ப மாட்டியபோது கீல் சரியாக உட்காரவில்லை. இன்றும் குனிந்து, அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும். தூக்கிச் சாத்திவிட்டு நடக்கிறேன்.