மூச்சை எண்ணுங்கள், மனதையும் கேளுங்கள்

காசநோய் பற்றி நம் ஊர்களில் பேசினால் இருமல், சளி, மாத்திரை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நோயாளியின் மனம் என்ன பாடுபடுகிறது என்று கேட்பவர் குறைவு. சேரியில் பிறந்தவருக்கு இந்த நோய் வந்தால் ஒதுக்கல் இரட்டிப்பாகிறது. சாதியால் ஏற்கெனவே தள்ளி நிற்கச் சொல்லப்பட்டவர், இப்போது சொந்த வீட்டிலேயே தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கப்படுகிறார். தனிக் குவளையின் வலி நமக்குப் புதிதல்ல. அந்த வலியோடுதான் அவர் குறைந்தது ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். காசநோய் காற்று வழியாகப் பரவும். தட்டு, டம்ளர், துணிமணி வழியாகப் பரவாது. ஜன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயை மூடிக்கொள்வதும்தான் தேவை. தனித் தட்டு யாரையும் காப்பாற்றாது, நோயாளியின் மனதைத்தான் உடைக்கும்.

நம் மக்களுக்கு இந்த ஆபத்து கூடுதலாக இருப்பதற்குக் காரணம் ரத்தத்தில் இல்லை. காற்றோட்டமில்லாத ஒற்றை அறை வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, கல்குவாரித் தூசி ஆகியவையே காரணம். கல் உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா துகள் நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. அப்படிப்பட்ட நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடித்துக்கொள்ளும். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று, நோயாளியின் வீட்டாருக்குச் சத்துணவு கொடுத்தபோது அவர்களிடம் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. உணவும் ஒரு தடுப்பு மருந்து என்பதே இதன் பொருள்.

செவிலியர் பார்க்க வேண்டியவை

தமிழக அரசு 2022-ல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. இதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. நோய் உறுதியானதும் செவிலியரோ சுகாதாரப் பணியாளரோ சிலவற்றைப் பார்க்கிறார். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா? காலில் வீக்கம் உண்டா? நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போய்விட்டதா? பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? இவற்றில் ஆபத்து தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செவிலியர் படிக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். மூச்சை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே எண்ணுங்கள். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலும், விரல் சில்லிட்டிருந்தாலும் ஆக்சிஜன் கருவி தவறாகக் காட்டலாம். கறுத்த தோலில் அந்தக் கருவி உண்மையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆக்சிஜன் குறையும்போது வரும் நீலநிறம் கறுத்த தோலில் எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் பாருங்கள்.

இன்னொன்றும் முக்கியம். ஆக்சிஜன் குறைந்தவருக்குப் படபடப்பு வரும், பேச்சு குழறும், நிலைகொள்ளாமல் தவிப்பார். துப்புரவுத் தொழிலாளி ஒருவர் இப்படி வந்தால், "குடித்துவிட்டு வந்திருக்கிறான்" என்று ஓரமாக உட்கார வைப்பது எளிது. குடித்தே இருந்தாலும் முதலில் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள். மனப்பதற்றத்தாலும் மூச்சு முட்டும் என்பது உண்மைதான். ஆனால் நுரையீரலைச் சோதிக்காமல் "எல்லாம் மனசுதான்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இரண்டு கேள்விகள்

எடையைக் குறிக்கும் அட்டையிலேயே மனதையும் குறிக்கலாம். கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். கடந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்தது போல் இருக்கிறதா? வழக்கமாகப் பிடித்த விஷயங்களில் நாட்டம் போய்விட்டதா? ஆம் என்றால் விரிவாகக் கேட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பல பேருக்குப் பாரம்தான் இறங்கும்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் மாத்திரை சிலருக்கு மனச்சோர்வையோ மனக்குழப்பத்தையோ உண்டாக்கும். குடும்பத்தார் இதைப் பேய், பில்லிசூனியம் என்று நினைத்து அலைய வேண்டாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்ற வழி உண்டு. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். மனம் விட்டுப்போனவர்தான் மாத்திரையையும் பாதியில் விடுகிறார். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும்.

கேட்டுப் பெற வேண்டியவை

சிகிச்சையில் இருப்பவருக்கு ஒன்றிய அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கில் வரவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

மனநலச் சிகிச்சையில் சாதி பார்க்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எழுத்தில் சொல்கிறது. மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைய விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். இந்தச் சட்டங்களைத் தெரிந்து வைத்திருப்போம்.

ஆனால் தொடத் தயங்கும் கையைச் சட்டம் மட்டும் மாற்றிவிடாது. காலனிக்குள் வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நோயாளியின் கையைப் பிடித்து மூச்சை எண்ணும் செவிலியர்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை கூட வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் படிப்புக்குப் போக வேண்டும். அதுவரை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், சளிப் பரிசோதனைக்குக் கூடவே போங்கள். திரும்பி வந்தபின் அவரோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள்.