ஒரே வீட்டில் மூன்று அனுர

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலின்போது அனுர குமார திசாநாயக்கவைப் பற்றிப் புத்தளக் கரையில் யாரும் சண்டை பிடிக்கவில்லை. நல்லாப் பேசுவார், வெல்ல மாட்டார் என்பதோடு கதை முடிந்துவிடும். நாடு முழுவதிலும் அவருக்குக் கிடைத்தது 3.16 வீதம். 2024 செப்டெம்பர் 21இல் புத்தளம் மாவட்டத்தில் முதலிடமே அவருக்குத்தான். கற்பிட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த ஒரு மனிதரைப் பற்றி மூன்று பேருக்கு மூன்று அபிப்பிராயம். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இது இந்தக் கரைக்குப் புதிது. 1982 ஒக்டோபரில் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் கேள்வி ஐக்கிய தேசியக் கட்சியின் யானையா, சுதந்திரக் கட்சியின் கையா என்பதுதான். ஜே.ஆர். ஜயவர்தன எப்படிப்பட்டவர், ஹெக்டர் கொப்பேகடுவ எப்படிப்பட்டவர் என்று தனித்தனியாக எடைபோட்டவர்கள் குறைவு. ஊர்ப் பெரியவர், பள்ளி நிர்வாகம், சம்மாட்டி, பங்குத்தந்தை என்று யாரோ ஒருவரின் வாய் பார்த்து ஊர் ஒரு பக்கம் சாயும். புத்தளத்து முஸ்லிம்களுக்கு அதற்கு ஆழமான காரணமும் இருந்தது. 1976 பெப்ரவரியில், சுதந்திரக் கட்சி ஆட்சியில், புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டு உயிர்கள் போயின. அதைப் பாராளுமன்றத்தில் எழுப்பியவர் தமிழர் தலைவர் தந்தை செல்வா என்பதை முதியவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். பள்ளிக்குள் இரத்தம் பார்த்தவர்களிடம் கை வேட்பாளரின் நல்ல குணங்களைப் பற்றிப் பேசி யார் வெல்ல முடியும்?

ஊரோடு ஒத்து வாக்களித்த அந்தக் காலத்தை மந்தை மனம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. சிறிய சமூகத்துக்கு ஒற்றுமையே பேரம் பேசும் பலம். ஐக்கிய தேசியக் கட்சியின் நெய்னா மரிக்கார் 1988இல் நிதியமைச்சராக வந்தபோது, ஊர் சேர்ந்து நின்றதன் பயனாகத்தான் புத்தளம் அதைப் பார்த்தது.

1982இன் அந்த முதல் தேர்தலில் அனுரவின் கட்சியான ஜே.வி.பி.யின் ரோஹண விஜேவீரவும் நின்றார்; 4.19 வீதம் எடுத்தார். 1988 டிசம்பரில் அதே இயக்கம் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொல்லி மக்களை மிரட்டியது. நாத்தாண்டிய, வென்னப்புவப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்களில் வயதானவர்களுக்கு அந்தப் பயமும் மறக்கவில்லை. அந்த இயக்கத்தை அடக்க வந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனதும் மறக்கவில்லை.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் மிகப் பெரும் பகுதியினர் புத்தளத்தில் வந்து இறங்கினார்கள். வாழ்வது இங்கே, பலருக்கு வாக்கு மன்னாரில். 2019 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க அவர்களை ஏற்றிச் சென்ற பஸ்கள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. யாரும் சாகவில்லை. ஆனாலும் கோட்டாபய ராஜபக்ஷ என்ற வேட்பாளரைப் பற்றி அந்தக் குடும்பங்கள் என்ன நினைத்தன என்பதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

கரையின் தெற்கே அதே கோட்டாபய வேறு ஆளாகத் தெரிந்தார். உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. காவலுக்கு ஒரு வலிய ஆள் வேண்டும் என்று சிலாபத்துக் கத்தோலிக்கர் பலர் நினைத்தார்கள். அந்த மே மாதம்தான் ஒரு முகநூல் வரியை வைத்துச் சிலாபத்தில் முஸ்லிம் கடைகள் தாக்கப்பட்டன. மறுநாள் நாத்தாண்டியவுக்கு அருகே கொட்டாரமுல்லையில் ஒரு தச்சர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரே கடல், ஒரே மாவட்டம். ஒருவருக்குக் காவல்காரராகப் பட்டவர் இன்னொருவருக்குப் பயமாகப் பட்டார். மாவட்டத்தில் கோட்டாபய வென்றார்.

பிறகு வந்தது 2022. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் போனது. வெளியிணைப்பு இயந்திரப் படகுக்கு உயிர் அந்த எண்ணெய். எரிபொருள் விலையை எதிர்த்து 2012இலேயே சிலாபத்து மீனவர்கள் தெருவில் இறங்கி, அவர்களில் ஒருவர் சூடுபட்டு இறந்திருக்கிறார். இம்முறை உடப்புத் தமிழரும், கற்பிட்டி முஸ்லிமும், சிலாபத்துச் சிங்களவரும் ஒரே வரிசையில் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊரோடு ஒத்து வாக்களிக்கும் பழக்கம் ஆட்டம் கண்டது அந்த வரிசையில்தான் என்பது என் துணிபு. பெரியவர்கள் கைகாட்டிய தலைவர்கள் எல்லோருமே தோற்றுப்போயிருந்தார்கள்.

2024இல் முஸ்லிம் கட்சித் தலைவர்களான ஹக்கீமும் ரிஷாதும் சஜித் பிரேமதாசவின் தொலைபேசிச் சின்னத்துக்கு வாக்குக் கேட்டார்கள். கற்பிட்டி வீட்டில் வாப்பா அவர்கள் பக்கம். "இவனுகள் எண்பத்தொம்பதில என்ன செஞ்சானுகள் எண்டு உனக்குத் தெரியுமா மகன்? மார்க்கம் இல்லாத கட்சி." மகனுக்கு அனுரவின் திசைகாட்டிதான். "தலைவர்மார் சொன்னதுக்குப் போட்டுப் போட்டு நமக்கு என்ன வாப்பா கிடைச்சது? அருவக்காட்டுக் குப்பைதான்." கொழும்புக் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவந்தது புத்தளம் நம்பி வாக்களித்த 2015ஆம் ஆண்டு அரசாங்கம் என்பதால் வாப்பாவுக்குப் பதில் வரவில்லை. உம்மாவின் கணக்கு வேறு: காஸ் வரிசையை ஒழித்தவர் ரணில், அதனால் அவருடைய சிலிண்டர் சின்னம்.

பதவிக்கு வந்த பிறகும் அனுரவைப் பற்றிய கருத்து ஒன்றாகவில்லை. மீனவருக்கு எரிபொருள் மானியம் அறிவிக்கப்பட்டதும் வாப்பா கொஞ்சம் இறங்கிவந்தார். நவம்பரில் அமைச்சரவை அறிவிக்கப்பட்டபோது அதில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. மகனுக்கே முகம் வாடிவிட்டது. அது நியாயமான வாட்டம். இன வேறுபாடு பார்க்காமல் வாக்குப் போட்டவனுக்கு, தன் இனம் மட்டும் மேசையில் இல்லை என்றால் வலிக்கத்தான் செய்யும். சிலாபத்துக் கத்தோலிக்கர் வேறொன்றைக் கேட்கிறார்கள்: உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்று எப்போது சொல்வார்?

அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதையே கட்சியின் வாக்காளர்கள் மாநிலம் மாநிலமாக நடக்கும் முன்தேர்தல்களில் தீர்மானிக்கிறார்கள். நமக்கு அது இல்லை. கட்சி தருபவரைத்தான் எடைபோட வேண்டும். ஆனால் 1, 2, 3 என்று விருப்பு வரிசை போடும் உரிமை 1982 முதலே வாக்குச் சீட்டில் இருக்கிறது. 2024இல் அனுரவின் முதல் சுற்று பாதியைத் தாண்டாமல் 42.31 வீதத்தில் நின்றதால்தான் இரண்டாம் விருப்பு முதன்முறையாக எண்ணப்பட்டது. கற்பிட்டி வீட்டில் மூன்று பேருமே ஒரு அடையாளம் மட்டும் போட்டுவிட்டு வந்தவர்கள். அடுத்த முறை 1 யாருக்கு என்பதில் அவர்கள் ஒத்துவர மாட்டார்கள். 2 யாருக்கு என்று உம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.