காட்டுக்குக் காவல் நின்ற கன்னியாஸ்திரீ

மண்ணில் பாடுபடுகிறவனுக்கு அந்த மண்ணில் உரிமை வேண்டாமா? இந்தக் கேள்விக்காகத் தம் உயிரையே கொடுத்தார் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீ. அவர்தான் டோரத்தி ஸ்டாங்.

1931-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்த இவர், நோட்டர்டாம் சபையில் சேர்ந்தார். 1966-ல் பிரேசில் நாட்டுக்குச் சேவை செய்யச் சென்றார். அமேசான் காடு அடர்ந்த பாரா மாநிலத்தில், சொந்த நிலமில்லாத ஏழை விவசாயிகளோடு வாழ்ந்தார்.

அங்கே மாட்டுப்பண்ணை முதலாளிகள் காட்டை எரித்துப் புல்வெளியாக்கினார்கள். ஏழைகளின் குடிசைகளும் எரிந்தன. காட்டின் அழிவும் ஏழையின் அழிவும் ஒன்றே என்று கண்டார் டோரத்தி. கொஞ்ச நிலத்தில் கொக்கோ போன்ற பயிர் செய்வது. மிச்சத்தைக் காடாகவே காப்பது. இப்படி ஒரு குடியேற்றத் திட்டத்துக்காக அரசாங்க அலுவலகங்களுக்கு ஓயாமல் நடந்தார். கொலை மிரட்டல்கள் வந்தன. அவரோ ஊரைவிட்டுப் போகவில்லை.

2005 பிப்ரவரி 12. அனாப்பு என்ற ஊரை அடுத்த காட்டுப்பாதையில் இருவர் மறித்தனர். ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டனர். வேதாகமத்தைக் காட்டினார் அந்த 73 வயது மூதாட்டி. ஆறு குண்டுகள் அவரைச் சாய்த்தன.

கொலைக்கு ஏவிய பண்ணை முதலாளிகள் இருவருக்குப் பின்னர் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

அனாப்பு மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். “நாங்கள் அவரைப் புதைக்கவில்லை, நடுகிறோம்” என்றார்கள் அந்த மக்கள். கன்று நட்டு வளர்த்த கைகளுக்கு இதன் பொருள் நன்றாகவே புரியும்.